காலையில் இறங்கிய முள்

கோதண்டம் போன ஆடியில் காலமானார். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து கல்மண்டபத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பொழுது சாய்வதற்குள் காசிமேட்டில் அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவர் வண்டி ஓட்டிய அழகைத்தான் பேசினார்கள். முப்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காத கை என்றார்கள். உண்மைதான். அந்தக் கை நடுங்கியது ஒரே ஒரு தடவை என்று மனைவி சொக்கம்மாளிடம் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது வண்டி ஓடவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

யுத்த காலம். நாற்பத்து நாலாம் வருஷத்து மார்கழி.

கோதண்டம் வியாசர்பாடிக்காரர். அப்பா ரயில்வேயில் கரி அள்ளினவர். இளவயதில் கோதண்டம் குத்துச்சண்டை ஆடியதில் மூக்கு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. அந்த மூக்கைப் பார்த்து அவரை ரவுடி என்று நினைத்தவர்கள் உண்டு. யாரோடும் வம்புக்குப் போகாத மனிதர் என்பது பழகினவர்களுக்குத்தான் தெரியும். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, யுத்தம் தொடங்கிய மறுவருஷம் இக்னேஷியஸிடம் கார் ஓட்ட வந்தார்.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கி வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டு. வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பணக்காரராகப் பிறந்தவர் இல்லை. டாலி கிளார்க்காக ஆரம்பித்தவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது ஒருவன் எண்ணுவான். அதே மூட்டை கிடங்குக்குள் போகும்போது இன்னொருவன் எண்ணுவான். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கை புகுந்திருக்கிறது. இதுதான் டாலி. இருபது வருஷம் அந்த வேலை பார்த்ததில் இக்னேஷியஸுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் வாழைத்தாரைக்கூட வாங்கும்போது ஒரு தடவை, தொங்கவிட்ட பிறகு ஒரு தடவை எண்ணுவார் என்று சமையல்காரி சிரிப்பாள்.

கார் கறுப்பு நிறம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. பத்து வருஷம் ஓடிய வண்டி. உள்ளே பெட்ரோல் அளவு காட்ட ஒரு சின்ன வட்டம், அதில் ஒரு முள். சுவிட்சைப் போட்டால் முள் எழுந்து, தொட்டியில் எத்தனை காலன் என்று காட்டும். கூப்பனுக்குத்தான் பெட்ரோல் என்று ஆன பிறகு, இக்னேஷியஸ் அந்த முள்ளையும் டாலியில் சேர்த்துக்கொண்டார். சாயந்திரம் இறங்குவதற்கு முன் ஒரு பார்வை. மறுநாள் காலை ஏறி உட்கார்ந்ததும் ஒரு பார்வை. ராத்திரி முழுக்கக் கொட்டகையில் நிற்கிற வண்டி; இரண்டு பார்வைக்கும் நடுவில் வித்தியாசம் வர நியாயமில்லை.

வித்தியாசம் வந்தது. மார்கழி பிறந்த சில நாளில், காலையில் முள் ஒரு காலன் போல இறங்கி நின்றது.

இக்னேஷியஸுக்கு முன்னால் கோதண்டம் அதைப் பார்த்துவிட்டார். விடியும்போதே வந்து கொட்டகையைத் திறந்து வண்டியைத் துடைப்பது அவர்தான். கொட்டகைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. தொட்டி ஒழுகுகிறதோ என்று அடியில் காகிதம் விரித்துப் பார்த்தார். மறுநாள் காகிதம் காய்ந்து கிடந்தது. யாராவது குழாய் விட்டு உறிஞ்சுகிறார்களோ என்று மூடியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிவைத்தார். விடிந்து பார்த்தால் நூல் கட்டியபடியே இருந்தது. முள் மட்டும் இறங்கியிருந்தது. அந்தச் சில நாளும் கப்பல் காகிதங்களில் மூழ்கியிருந்த இக்னேஷியஸ் காலையில் முள் பக்கம் திரும்பவில்லை; எந்த நாளும் திரும்பலாம்.

நூல் அறுந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பூட்டு உடையவில்லை, நூல் அறுபடவில்லை, சாவி ஒன்று. ஊரில் யாரிடம் சொன்னாலும் கை நீளுவது ஒரே ஆள் பக்கம்தான்.

சொக்கம்மாள் அப்போது நிறைமாதம். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடு என்று அவள் சொன்னாள். கோதண்டம் கேட்கவில்லை. துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை குறைகிறது என்று முதலில் சத்தம் போடுகிறவனைத்தான் முதலில் சோதனை போடுவார்கள். திருடினவன்தான் முந்திக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு. இக்னேஷியஸ் அந்தக் கணக்கில் வளர்ந்தவர்.

"அவுராண்ட போய் நானே சொன்னா, நானே எடுத்தேன்னு எய்தி குடுத்தா மாதிரி" என்றார் கோதண்டம்.

அதனால் அவர் வேறொன்று செய்தார். அவருடைய தோஸ்து பாஸ்கர், பட்டாளத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். திருவொற்றியூர் ரோட்டில் அவனைப் பிடித்து ஒரு டின் பெட்ரோல் வாங்கினார். அந்தப் பெட்ரோல் எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாது. காலையில் முதலாளி வருவதற்கு முன், முள் நேற்றுச் சாயந்திரம் நின்ற இடத்துக்கு ஏறும்வரை டின்னிலிருந்து தொட்டியில் ஊற்றினார். இக்னேஷியஸ் ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்த்தார். சரியாக இருந்தது.

கோதண்டம் அன்று நிம்மதியாக வண்டி ஓட்டினார். மறுநாளும் ஊற்றினார். அதற்கடுத்த நாளும்.

அவர் எதிர்பார்க்காதது சாயந்திரத்தில் நடந்தது. எண்ணூர் வரை போய்த் திரும்பிய வண்டியில், காலையில் நின்ற இடத்தைவிட முள் மேலே நின்றது. ஓடின வண்டியில் பெட்ரோல் கூடியிருந்தது. இக்னேஷியஸ் இறங்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாலியில் ஒரு மூட்டை குறைந்தால் திருட்டு. ஒரு மூட்டை கூடினால் அதைவிடப் பெரிய திருட்டு. வேறு யாருடைய சரக்கோ நம் கிடங்கில் பதுங்கியிருக்கிறது. கூப்பனில் வராத பெட்ரோல் பட்டாளத்துப் பெட்ரோலாகத்தான் இருக்கும்; அது தன் காரில் இருந்தால் ஜெயிலுக்குப் போவது தான்தான் என்று இக்னேஷியஸுக்குத் தெரியும். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் கொட்டகைக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. வண்டியின் பின்பக்கம் கோதண்டம் குனிந்திருந்தார். ஒரு கையில் புனல், மறு கையில் டின்.

"இன்னா பண்ணிகினு கீற?"

"ஊத்திகினு கீறேன் மொதலாளி."

"எங்கேந்து எங்க?"

"டின்னுலேந்து டேங்க்குக்கு."

இக்னேஷியஸ் டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எம்மாம் வருசமா ஆர்பர்ல கீறேன். மூட்டைய தூக்கிகினு ஓட்றவன பாத்துகீறேன். தூக்கிகினு வந்து வெக்கிறவன பாத்ததில்ல. யார்கிட்ட கத வுட்ற?"

சத்தம் தெருவுக்குப் போய்விட்டது. சமையல்காரி வந்து நின்றாள். கூடையோடு போன மீன்காரிகள் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு நின்றார். அத்தனை பேருக்கும் எதிரில் இக்னேஷியஸ் கையை நீட்டி, சாவியைக் கொடு என்றார். கோதண்டம் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அந்த மூக்கைப் பார்த்த அன்றே நினைத்தேன் என்று எதிர்வீட்டுக்காரர் யாருக்கோ சொன்னது அவர் காதில் விழுந்தது.

கோதண்டம் வேறு எதுவும் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறு டாலி போடுங்க மொதலாளி. அப்பால போலீசாண்ட இட்டுகினு போங்க."

துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற கூலிக்குக்கூட உள்ள உரிமை அது. ஒருவன்மேல் குறை சொன்னால், அவன் கண்ணெதிரில் இன்னொரு தடவை எண்ணிக் காட்ட வேண்டும். அதை மறுத்த ஏஜெண்டின் வேலைக்கு மறுநாள் ஆள் வராது. இக்னேஷியஸ் அதை மறுக்கிறவர் இல்லை. யோசித்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டின்னை மடியில் வைத்துக்கொண்டார். கோதண்டம்தான் ஓட்டினார், வேறு யாருக்கும் அங்கே ஓட்டத் தெரியாது.

தொட்டியில் இருப்பதை இறக்கி அளக்க பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனார்கள்; அங்கே ரஷீது பட்டறை வைத்திருந்தார். இருவருக்கும் பழக்கமானவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா மாமு, மொதலாளி மடியில டின்ன குடுத்து குந்த வெச்சிகீற?"

யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். விஷயத்தைக் கேட்டார். சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். முள் நாலு காலன் காட்டியது. தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, காலன் அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பிடித்து வேறு டின்களில் ஊற்றினார். இக்னேஷியஸ் பழைய வழக்கப்படி ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். நாலைத் தாண்டியது. ஐந்து, ஆறு. ஏழாவது பாத்திரமும் ஏறக்குறைய நிறைந்தது.

கோதண்டம் தப்பித்துவிட்டதாகவே நினைத்தார். இக்னேஷியஸின் முகம் இன்னும் இறுகியது.

"கூடுது. அப்ப என் டேங்க்க கெடங்கா வெச்சிகீற."

அப்போதுதான் அந்தக் கை நடுங்கியது. பிடித்திருந்த புனலைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாராம்.

நாலு காட்டுகிற இடத்தில் ஏழு வந்தால் முள்ளில் கோளாறு என்று ரஷீது சொன்னார். முதலில் ஒயர்மேல் சந்தேகப்பட்டார். தொட்டியிலிருந்து வரும் ஒயரின் முனையைச் சுரண்டி, திருகை இறுக்கினார். அடுத்து, தொட்டி வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் எடுத்தார். அளந்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றிப் பார்த்தால் முள் மறுபடி நாலில்தான் நின்றது. இக்னேஷியஸ் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரஷீது தொட்டியின் மேல்தட்டைக் கழற்றினார். அதோடு சேர்ந்து ஒரு கம்பியும், கம்பியின் முனையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பித்தளை உருண்டையும் வெளியே வந்தன. பெட்ரோலின் மேல் மிதப்பது அந்த உருண்டை. அது ஏறி இறங்க, கம்பி ஏறி இறங்கும். அதை வைத்துத்தான் முன்னால் முள் அளவு காட்டும். கோதண்டம் அதைக் காதருகில் வைத்து ஆட்டினார். உருண்டைக்குள் ஏதோ குலுங்கியது; ரஷீதிடம் நீட்டினார். நியாயப்படி உள்ளே வெறும் காற்றுதான் இருக்க வேண்டும்.

"ஓட்ட" என்றார் ரஷீது. "பெட்ரோல குட்ச்சிட்டு கனத்து பூட்ச்சி. கனத்தா முங்கும். முங்குனா முள்ளு கொறைச்சலா காட்டும். அவ்ளோதான்."

இக்னேஷியஸ் தலையைத் தூக்கினார். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஓட்டை இருந்தால் எப்போதும் குறைவாகத்தானே காட்ட வேண்டும்? சாயந்திரம் ஏன் ஏறியது? காலையில் ஏன் இறங்கியது?

ரஷீதுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கோதண்டத்துக்கும் தெரியவில்லை. எப்படியும் ஓட்டையை அடைக்கத்தானே வேண்டும் என்று ரஷீது எழுந்தார். பித்தளையில் ஊசிமுனை ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு குண்டான் வெந்நீர் வாங்கி வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோலோடு போகக் கூடாது என்று பட்டறைக்குப் பின்னால் தரையில் வைத்தார்.

உருண்டை வெந்நீரில் பாதிக்கு மேல் முங்கியபடி மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கத்து இணைப்பிலிருந்து மெல்லிய நூல்போல ஏதோ வெளியே வந்தது. பெட்ரோல். அது தண்ணீர்மேல் வண்ணவண்ணமாகப் படர்ந்தது. அதன்பின் குமிழிகள். வெளியே வர வர, உருண்டை தண்ணீருக்கு மேலே எழும்பியது. மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டதால் ரஷீது உருண்டையை எடுத்து, சூடு ஆற கிணற்றுத் தண்ணீர் வாளியில் போட்டார். வேறொன்றுக்காகவும் இல்லை, கை சுட்டது. வாளியில் அது முதலில் உயரமாக மிதந்தது. பிறகு யாரும் தொடாமலே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பாய்" என்றார் இக்னேஷியஸ். "திரும்ப வெந்நீர்ல போடு."

போட்டார். ஏறியது. வாளியில் போட்டார். இறங்கியது. இக்னேஷியஸ் இன்னொரு தடவை போடச் சொன்னார். அவருக்கு எதையும் மறுபடி எண்ணிப் பார்த்தால்தான் தீரும்.

வண்டி பகலில் ஓடும். தொட்டி சூடாகும். உருண்டைக்குள் இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து, உள்ளே இருக்கும் பெட்ரோலை ஓட்டை வழியாக வெளியே தள்ளும். உருண்டை லேசாகி எழும்பும். ராத்திரி மார்கழிப் பனியில் தொட்டி குளிரும். உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருக்கும் பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். உருண்டை கனத்து இறங்கும். தொட்டியில் அளவு மாறாது; முள் மட்டும் மாறும். அன்று சொக்கம்மாள் வயிற்றில் இருந்த பிள்ளை பிற்பாடு பாலிடெக்னிக்கில் படித்தது. இதையெல்லாம் காகிதத்தில் அம்புக்குறி போட்டு அப்பாவுக்கு வரைந்து காட்டியது அதுதான். கோதண்டம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூச்சு வுட்டுகினு இருந்துகீது" என்றார். படத்துக்கு அதைவிடச் சுருக்கமான தலைப்பு கிடைக்காது. அந்தக் காகிதம் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

பட்டறையில் அன்று அம்புக்குறி எதுவும் தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்தது போதும். இக்னேஷியஸ் டின்னைக் காட்டினார்.

"இது?"

"அது தப்புதான் மொதலாளி" என்றார் கோதண்டம். "திருட்டு பெட்ரோலுன்னு தெரிஞ்சே வாங்குனேன்."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொல்லிகீந்தா நம்பியிருப்பீங்களா?"

இக்னேஷியஸ் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

ரஷீது உருண்டையை வாசனை போகும்வரை வெந்நீரில் போட்டுப் போட்டு எடுத்தார். உள்ளே ஆவி மிச்சமிருந்து, ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பட்டால் வெடித்துவிடும். உலர்ந்த பிறகு ஓட்டையில் ஈயம் வைத்து அடைத்தார். தட்டுக்கடியில் புது கார்க் வளையம் வெட்டிப் போட்டு மூடினார். காலன் காலனாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, கம்பியை ஒரு மயிரிழை வளைத்துச் சரிசெய்தார். எண்ணிக்கை சொன்னது இக்னேஷியஸ். டின்னில் மிச்சமிருந்ததை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோலைத் தரையில் கொட்ட யாருக்கும் மனம் வராது. அதுவும் தொட்டிக்குள் போயிற்று.

கிளம்பும்போது இக்னேஷியஸ் சட்டைப்பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து நீட்டினார். கோதண்டம் வாங்கவில்லை.

"அல்லார் எதிர்லயும் வாங்குனீங்க. அல்லார் எதிர்லயும் குடுங்க."

வண்டியைக் கொண்டுபோய் ராயபுரத்தில் கொட்டகையில் விட்டுவிட்டு, கல்மண்டபத்துக்கு நடந்து போனார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

இக்னேஷியஸ் கைரிக்‌ஷாவில் துறைமுகத்துக்குப் போய்வந்தார். எல்லார் எதிரிலும் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவரால் முடியவில்லை. நடந்ததை ஒத்துக்கொள்வது கஷ்டமில்லை. தெருவில் நின்று உரக்கச் சொல்வதுதான் கஷ்டம். அதற்குள் பேச்சு ராயபுரம் தாண்டிக் கல்மண்டபம் வந்துவிட்டது. தெருக்குழாயில் சொக்கம்மாளுக்கு யாரும் இடம் விடவில்லை. நிறைமாத வயிற்றோடு வரிசையின் கடைசியில் நின்றாள். பெட்ரோல் விற்ற காசுக்கு வீட்டுக்கே குழாய் போட்டுக்கொள்ளலாமே என்று ஒருத்தி சொன்னாள். சொக்கம்மாள் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வீட்டில் கோதண்டத்திடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்தே இருந்தது. அவரை வேலைக்குக் கூப்பிட்ட ஒரு லாரிக்காரர், விஷயம் காதில் விழுந்ததும், வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து இக்னேஷியஸ் கோட்டோடு கல்மண்டபம் வந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். வரிசையில் சொக்கம்மாளை அடையாளம் கண்டு, பக்கத்தில் போய்ச் சாவியை நீட்டினார். குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

"என் கையில குடுக்காதீங்க. எங்கிட்டேந்தா வாங்குனீங்க? அத்தோ வூட்டுலதான் கீறாரு. கூப்டுறேன். குடுக்க சொல்லோ இங்க கீறவங்களுக்கும் கேக்குறா மாதிரி சொல்லி குடுங்க."

கோதண்டம் வெளியே வந்தார். பாதி முகத்தில் சவரச் சோப்பு. இக்னேஷியஸ் ஆரம்பித்தார். பித்தளை உருண்டை என்றார், வெந்நீர் என்றார், கிணற்றுத் தண்ணீர் என்றார். கையால் ஏற்றியும் இறக்கியும் காட்டினார். வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"திருடலன்றாரு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

"அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?"

இக்னேஷியஸ் நிறுத்தினார். துடைத்துக்கொள்ள எதுவும் இல்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திருடல" என்றார், உரக்க. "நான்தான் தப்பா எண்ணிட்டேன்." சாவியைக் கோதண்டத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

கோதண்டம் அதை இடுப்பில் முடிந்துகொண்டார். சோப்பைத் துடைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டார்.

"போறியா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

"போறேன். அந்த வண்டி இன்னா பண்ணும், பாவம். தொடைக்காத கெடக்குது."

அவர் தெருமுனை திரும்பும்வரை வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. இக்னேஷியஸ் கிளம்பலாமா நிற்கலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றார். வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சொக்கம்மாள் குடத்தைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். குனிந்து தூக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதலாளி, சொம்மாதான நிக்கிறீங்க. ஒரு கை தூக்கி வுடுங்க."

இக்னேஷியஸ் குனிந்தார். தளும்பிய தண்ணீர் கோயில் கோட்டில் வழிய, குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்.